ஊர்வனவற்றின் ஒருசெல் ஒட்டுண்ணிகள்: செல்லமைப்பு வருணனையும் பெயரீடும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாம்பு, பல்லி, ஆமை முதலியவற்றில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் இரத்தப் பூச்சில் தெரியும் செல்லமைப்பைக் கொண்டே வருணிக்கப்பட்டுப் பெயரிடப்பட்டன. அவ்வருணனைகளில் பயின்ற சில சொற்கள் கண்டதைக் கூறுவதோடு நில்லாமல், நிறுவப்படாத முடிவுகளையும் சுமந்திருந்தன. பைர்ஹீமோசைட்டான், ஹீமோகிரெகரைனா, கார்னியா, பிளாஸ்மோடியம் அசுரோஃபிலம் ஆகியவற்றின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை அச்சொற்களைத் திறனாய்வு செய்கிறது. இத்துறையைத் தமிழில் எழுதுவோர்க்கு இதனால் எழும் கலைச்சொல் சிக்கலும் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்வன, ஒட்டுண்ணி, செல்லமைப்பு, வருணனை, பெயரீடு, கலைச்சொல்

முன்னுரை

பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. ஊர்வனவற்றின் சிவப்பணுக்களில் உண்டு. ஊர்வன ஒட்டுண்ணியியலின் தொடக்கச் சிக்கல்கள் பல இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தவை. ஆமையின் சிவப்பணுவுக்குள் வளைந்து கிடக்கும் ஓர் ஒட்டுண்ணியைப் பார்ப்பவர் ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்களைக் காண்கிறார். ஒன்று ஓம்புயிரியுடையது, மற்றது விருந்தாளியுடையது. எது எதனுடையது, சாயம் ஏறிய மூன்றாவது புள்ளி யாருடையது என்னும் வினாக்கள் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் எழுகின்றன. அவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகளே பின்னர்ப் பேரினங்களாகவும் சிற்றினங்களாகவும் நூல்களில் இடம்பெற்றன.

இத்துறையின் வளர்ச்சியை ‘ஒளி நுண்ணோக்கி, மின்னணு நுண்ணோக்கி, மரபணு வரிசை’ என்னும் மூன்று படிகளாகக் கூறி, ஒவ்வொரு படியும் முந்தையதன் பிழையைத் திருத்தியதாகக் காட்டுவது வழக்கம். கருவிகளைப் பொறுத்தவரை இது பொருத்தமே. எனினும் பிழைகள் அனைத்தும் கருவியின் குறையால் விளைந்தவை அல்ல. கருவி சரியாகக் காட்டியதை எந்தச் சொல்லால் குறித்தனர் என்பதில் சில பிழைகள் தோன்றின. அவற்றைக் கருவியை மாற்றித் திருத்த இயலாது. சொல்லை ஆராய்ந்தே திருத்த வேண்டும்.

சாயமும் உட்கருவும்

1914இல் சத்தோன், பிளாங் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர், மத்தியதரைக் கடற்பகுதிச் சுவர்ப்பல்லியான டேரண்டோலா மௌரிட்டானிக்காவின் சிவப்பணுக்களில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டதாக அறிவித்துப் பைர்ஹீமோசைட்டான் டேரண்டோலே எனப் பெயரிட்டனர். தாக்குண்ட சிவப்பணுவின் சைட்டோபிளாசத்தில் சிவப்பாகச் சாயமேறிய ஒரு சிறு உருண்டையும், அதனருகே வெளிறிய ஒரு குமிழ் போன்ற பகுதியும் தெரிந்தன. ரோமனோவ்ஸ்கி வகைச் சாயங்களில் உட்கருப் பொருள் செந்நீலமாகவும் சைட்டோபிளாசம் நீலமாகவும் தோன்றும். எனவே சிவந்த உருண்டை ஒட்டுண்ணியின் உட்கருப் பொருள் என்று கொள்ளப்பட்டது. உட்கரு உண்டெனில் அதற்குரிய உடலும் உண்டு. உடல் உண்டெனில் அது ஓர் உயிரி. உயிரியெனில் அதற்குப் பேரினமும் சிற்றினமும் வேண்டும். பிற பல்லிகளிலும் பாம்புகளிலும் இத்தகைய உருண்டைகள் காணப்பட்டபோது மேலும் பல சிற்றினங்கள் இப்பேரினத்தில் சேர்ந்தன.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1966இல், ஸ்டெபன்ஸ், ஜான்ஸ்டன் ஆகியோர் ஆஸ்திரேலியப் பல்லியான கெஹைரா வேரியகேட்டாவின் தாக்குண்ட சிவப்பணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அங்கே ஒருசெல் உயிரி எதுவும் இல்லை. உட்கரு உறை இல்லை, செல் சவ்வு இல்லை, மைட்டோகாண்டிரியா இல்லை. பன்முக வடிவ வைரஸ் துகள்களே இருந்தன. ஒட்டுண்ணியின் உடல் எனக் கருதப்பட்டது ஓம்புயிரியின் செல்லுக்குள் வைரஸ் உருவாகும் களம். நீர்நில வாழ்வனவற்றின் இரத்தத்திலிருந்து வருணிக்கப்பட்ட டாடியா என்னும் பேரினமும் இவ்வாறே வைரஸ் தொற்றின் அடையாளமாக முடிந்தது.

இந்நிகழ்வை ‘ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் போதாமை’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவது போதாது. இரிடோவைரஸ் தொகுதியைச் சார்ந்த இவ்வைரசுகளின் மரபுப் பொருள் டி.என்.ஏ. அது செறிந்த இடம் உட்கருவைப் போலவே சாயமேறுவதில் வியப்பில்லை. சாயம் பொய் சொல்லவில்லை, ‘இங்கே டி.என்.ஏ. செறிவு உண்டு’ என்னும் அளவிலேயே அது சான்று கூறியது. அதை ‘இங்கே உட்கரு உண்டு’ என்று பெயர்த்தது பார்த்தவரின் மொழி. நிறத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் உறுப்பைக் குறிக்கும் சொல் வந்தமர்ந்தது. அச்சொல் வந்த பிறகு ‘இது உயிரிதானா’ என்னும் வினாவுக்கு இடமில்லை; ‘எந்த உயிரி’ என்னும் வினாவே எஞ்சியது. வருணனையே வாதத்தை முடித்துவைத்த இடம் இது. ஐம்பதாண்டுத் தாமதத்தில் பாதிப் பொறுப்பேனும் கருவியினுடையதன்று, சொல்லினுடையது.

ஒரே வடிவம், பல பேரினங்கள்

ஹீமோகிரெகரைனா என்னும் பெயரின் வரலாறு இன்னும் நீண்டது. 1885இல், கார்கிவ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டானிலெவ்ஸ்கி ஐரோப்பியக் குளத்து ஆமையின் சிவப்பணுக்களில் புழுப்போல் நீண்டு வளைந்த உயிரியைக் கண்டு அதற்கு ஹீமோகிரெகரைனா ஸ்டெபனோவி எனப் பெயரிட்டார். கிரெகரைன்கள் முதுகெலும்பற்றவற்றின் குடலிலும் உடற்குழியிலும் வாழ்பவை. மண்புழுவின் விந்துப்பையில் உள்ள மோனோசிஸ்டிஸை இளங்கலை விலங்கியல் மாணவர் அறிவர். நீண்ட உடலும் நெளியும் இயக்கமும் அவற்றை நினைவூட்டியதால் ‘குருதியில் வாழும் கிரெகரைன்’ என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. இன்றைய வகைப்பாட்டில் இவ்வுயிரிகள் காக்சிடியா வகுப்பின் அடெலியோரினா தொகுதியைச் சேர்ந்தவை, கிரெகரைன்கள் அல்ல. உருவ ஒப்புமை உறவாகப் படிக்கப்பட்டது. அப்படிப்பு தவறென்று தெரிந்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயரிடல் விதிகளின்படி அதை மாற்றவும் இயலாது.

இரத்தத்தில் காணப்படும் நிலை பாலணுக்களுக்கு முந்தைய கேமாண்ட் நிலை. மின்னணு நுண்ணோக்கியில் இதன் அமைப்பு செழுமையானது. செல் சவ்வுக்கு அடியில் இரண்டு உட்சவ்வுகள் சேர்ந்து மூவடுக்கு உறையாகின்றன. உறையின் கீழே நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. முன்முனையில் துருவ வளையமும், குப்பி வடிவ ராப்ட்ரிகளும், எண்ணற்ற மைக்ரோனீம்களும் உள்ளன. சைட்டோபிளாசத்தில் அமைலோபெக்டின் மணிகள் சேமிப்பாகக் கிடக்கின்றன. ஒட்டுண்ணியைச் சூழ்ந்து ஓம்புயிரி செல்லின் பகுதியாகிய வெற்றிடப்பை அமைந்துள்ளது. இவ்விவரங்கள் ஏராளமான கட்டுரைகளில் நேர்த்தியாகப் பதிவாகியுள்ளன. ஆயினும் பேரினத்தைத் தீர்மானிக்க அவை உதவவில்லை. ஹீமோகிரெகரைனா, ஹெபட்டோசூன், காரியோலைசஸ், ஹீமோலிவியா ஆகிய நான்கின் கேமாண்ட்களும் மேற்கூறிய அமைப்பில் பெரிதும் ஒத்தவை.

அவற்றைப் பிரிப்பது இரத்தத்துக்கு வெளியே நிகழ்வது. ஆமையின் ஹீமோகிரெகரைனா அட்டையின் உடலில் வளர்கிறது. அதன் ஊசிஸ்டில் ஸ்போரோசிஸ்ட் என்னும் உள்ளுறை இன்றி எட்டு ஸ்போரோசோயிட்கள் உருவாகின்றன. அட்டை கடிக்கும்போது தொற்று பரவுகிறது. ஹெபட்டோசூன் கொசு முதலிய கணுக்காலிகளின் உடற்குழியில் ஸ்போரோசிஸ்ட்கள் நிறைந்த பெரிய ஊசிஸ்டை உருவாக்குகிறது. கடியால் அன்றி, அக்கணுக்காலியையோ அதைத் தின்ற இரையையோ ஊர்வன விழுங்கும்போது பரவுகிறது. பல்லிகளின் காரியோலைசஸ் சிற்றுண்ணியின் முட்டைக்குள் புகுந்து அடுத்த தலைமுறைச் சிற்றுண்ணியில் முதிர்கிறது. ஹீமோலிவியாவின் ஊசிஸ்ட் உண்ணியின் குடற்செல்களில் விண்மீன் வடிவு கொள்கிறது. 1990இல் வருணிக்கப்பட்ட அதன் முதற் சிற்றினம் ஸ்டெல்லேட்டா எனப் பெயர்பெற்றதும் அதனாலேயே. நான்கு வாழ்க்கைச் சுழற்சிகளுக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரே முகம்.

ஆனால் ஆய்வாளர் கையில் பெரும்பாலும் கிடைத்தது இரத்தப் பூச்சு மட்டுமே. பிடித்த பாம்பின் ஒரு துளி இரத்தம், ஜீம்சா சாயம், கேமாண்டின் நீள அகலம், உட்கருவின் இடம், இவ்வளவில் புதிய ‘ஹீமோகிரெகரைனா’ ஒன்று தோன்றிவிடும். ஓம்புயிரி வேறென்றால் ஒட்டுண்ணியும் வேறு என்னும் எழுதாவிதி துணைநின்றது. 1996இல் ஸ்மித், பாம்புகளிலிருந்து வருணிக்கப்பட்ட ஹீமோகிரெகரைனாக்களை ஹெபட்டோசூனுக்கு மாற்றினார். 300க்கு மேற்பட்ட சிற்றினங்கள் அப்பேரினத்தில் அடங்கின. இத்திருத்தம் தேவையானதே. எனினும் இதிலும் ஒரு நெருடல் உண்டு. மாற்றப்பட்ட ஒவ்வொன்றின் சுழற்சியும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. அறிந்த சிலவற்றைக் கொண்டு அறியாத பலவற்றுக்கு முடிவு கூறப்பட்டது. உருவத்தின் இடத்தில் ஓம்புயிரியின் இனம் அடையாளமாக அமர்ந்தது, சான்று கூடவில்லை.

மரபணு வரிசை வந்த பின்னரும் நிலைமை முற்றிலும் தெளியவில்லை. ரைபோசோம் மரபணு கொண்டு அமைத்த மரபுக்கிளைப் படங்களில் காரியோலைசஸும் ஹீமோலிவியாவும் ஹெபட்டோசூன் கிளைகளுக்கிடையே புகுந்து நிற்கின்றன. 2015இல் கராஜியான், ஷவாத், லாந்தோ ஆகியோர் பெரும்பகுதியைப் பிரித்துப் பார்ட்டசூன் என்னும் புதுப் பேரினத்தை முன்மொழிந்தனர். அது பரவலாக ஏற்கப்படவில்லை. பல்லியின் இரத்தத்திலிருந்து எடுத்த ஒரு வரிசைக்கு இன்று ‘ஹெபட்டோசூன்’ எனப் பெயரிடுவது, சுழற்சியைக் காணாதவரை, பழைய இரத்தப் பூச்சுக்குப் பெயரிட்டதிலிருந்து முறையளவில் பெரிதும் வேறுபட்டதன்று. கருவி மட்டும் புதியது.

‘நிறமியற்ற’ என்னும் சொல்

இல்லாமையை ஒரு பண்பாகக் கூறும் சொற்கள் தனிக் கவனத்துக்குரியவை. மலேரியா ஒட்டுண்ணிகள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரித்து, எஞ்சும் ஹீமை ஹீமோசோயின் என்னும் படிகமாக்கி ஒதுக்குகின்றன. நுண்ணோக்கியில் பழுப்பு அல்லது கருநிற மணிகளாகத் தெரியும் இதுவே ‘நிறமி’. பிரேசிலின் அமேசான் பகுதிப் பல்லிகளின் இரத்தத்தில் பிளாஸ்மோடியத்தைப் பெரிதும் ஒத்த, ஆனால் நிறமி காணப்படாத ஒட்டுண்ணிகளை லெயின்சன், லாந்தோ, ஷா ஆகியோர் 1971இல் கார்னியா என்னும் பேரினமாகவும் கார்னிடே என்னும் தனிக் குடும்பமாகவும் அமைத்தனர். 1973இலேயே டெல்ஃபோர்டு கயானாப் பல்லிகளின் ஒட்டுண்ணிகளைக் கொண்டு அக்குடும்பத்தின் செல்லுபடியை வினவினார்.

‘நிறமி தெரியவில்லை’ என்பது பார்வைக் கூற்று. ‘நிறமியற்றது’ என்பது உயிரியின் இயல்பைப் பற்றிய கூற்று. முன்னது ஓர் ஓம்புயிரியின் ஒரு நாளைய இரத்தப் பூச்சுக்கு உரியது. பின்னது ஒரு குடும்பத்தையே தாங்கி நிற்பது. இரண்டுக்கும் இடையே செரிமானம் எவ்வாறு நிகழ்கிறது என்னும் உடற்செயலியல் வினா நிற்கிறது. ஹீமோகுளோபின் இல்லாத வெள்ளணுவில் வாழும் ஒட்டுண்ணிக்கு நிறமி எங்கிருந்து வரும்? அங்கே நிறமியின்மை ஒட்டுண்ணியைப் பற்றி ஏதும் கூறுவதில்லை. அது குடியிருக்கும் வீட்டைப் பற்றியே கூறுகிறது. சிவப்பணுவில் வாழ்ந்தும் நிறமி காட்டாதது வேறு செய்தி. ஒரே பெயரடை இரு நிலைகளுக்கும் பொதுவாக வழங்கியமை விவாதத்தைக் குழப்பியது.

இதற்கு நேர்மாறான பாடத்தைக் கரீபியத் தீவுகளின் அனோலிஸ் பல்லிகள் தருகின்றன. 1975இல் டெல்ஃபோர்டு வருணித்த பிளாஸ்மோடியம் அசுரோஃபிலத்தின் சிறப்பே சிவப்பணு, வெள்ளணு ஆகிய இரண்டிலும் பெருகும் என்பதுதான். கட்டுரைத் தலைப்பிலேயே அச்செய்தி இடம்பெற்றது. 2000இல் சூசன் பெர்கின்ஸ் வெளியிட்ட மரபணு ஆய்வு, சிவப்பணுவில் இருப்பதும் வெள்ளணுவில் இருப்பதும் தம்முள் கலவாத இரு தனி மரபுகள் எனக் காட்டியது. இருவகைச் செல்களில் வாழும் ஒரே சிற்றினம் என்றது, உருவத்தால் பிரித்தறிய இயலாத இரு சிற்றினங்களாயிற்று. இங்கே டெல்ஃபோர்டின் வருணனையில் பிழையேதும் இல்லை. கண்டவை ஒத்திருந்தன, ஒத்தவை என்றார். ‘ஒத்தவை’ என்பது ‘ஒன்று’ ஆனதில்தான் தாவல் நிகழ்ந்தது. பைர்ஹீமோசைட்டானில் சொல் பிழைத்தது. இங்கே சொல் சரி, அதிலிருந்து சென்ற தொலைவு மிகை.

குடல்வாழ் உயிரிகளிலும் இச்சிக்கல் உண்டு. 1934இல் ரோடேன் பாம்புகளிலிருந்து வருணித்த எண்டமீபா இன்வேடென்ஸின் நான்கு உட்கருக்கள் கொண்ட சிஸ்ட், மனிதரைத் தாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிக்காவின் சிஸ்ட்டிலிருந்து உருவத்தால் வேறுபடுத்த அரியது. பாம்புகளுக்குக் கொடிய குடற்புண்ணையும் கல்லீரல் சிதைவையும் விளைக்கும் அதே உயிரி, ஆமைகளில் பெரும்பாலும் நோயின்றி வாழ்கிறது. ‘ஊடுருவுவது’ என்னும் அதன் சிற்றினப் பெயர் பாம்பின் கதையைச் சொல்கிறது; ஆமையின் கதையைச் சொல்வதில்லை. இதில் நடைமுறைப் பொருளும் உண்டு. விலங்குக் காட்சிச் சாலையில் ஆமையையும் பாம்பையும் அருகருகே வைப்பவர், ஆமையின் மலத்தில் தெரியும் நாலுகருச் சிஸ்ட்டை ‘தீங்கற்றது’ எனப் படித்தால் விலையைப் பாம்பு கொடுக்கும்.

உருவம் சான்றாகும் இடம்

மேற்கூறியவற்றிலிருந்து செல்லமைப்பு பயனற்ற சான்று என்று கொள்வது மிகையாகும். முன்முனைக் கூட்டமைப்பு என்னும் ராப்ட்ரி, மைக்ரோனீம், துருவ வளையம் ஆகியவற்றின் தொகுதியைக் கண்டதனாலேயே 1970இல் லெவின் ஏப்பிகாம்பிளெக்சா என்னும் தொகுதியை அமைக்க முடிந்தது. ஸ்போர் உண்டு என்ற ஒரே காரணத்தால் முன்பு ஸ்போரோசோவாவில் சேர்க்கப்பட்டிருந்த மைக்ரோஸ்போரிடியாவும் மிக்சோசோவாவும் வெளியேறின. இன்று முன்னவை பூஞ்சைகளின் உறவினர். பின்னவை சொறிமுட்டை இனத்தோடு சேர்ந்த விலங்குகள். இம்முடிவில் உருவச் சான்று நிலைத்தமைக்குக் காரணம், அவ்வுறுப்புகள் வெறும் தோற்றமாக நில்லாமல் செல்லுக்குள் நுழைதல் என்னும் செயலோடு பிணைக்கப்பட்டமையே. ராப்ட்ரியும் மைக்ரோனீமும் சுரப்பவை எவை, எப்போது சுரக்கின்றன என்பது அறியப்பட்டது. செயல் தெரிந்த உருவம் பேசுகிறது.

பாம்புகளின் இரைப்பையைத் தடிக்கச் செய்யும் கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் இதற்கு மற்றொரு சான்று. ஒளி நுண்ணோக்கியில் அது செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதாகத் தெரியும். அப்பேரினத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்தபோது, ஓம்புயிரியின் சவ்வு அதைச் சூழ்ந்து மூடியிருப்பதும், அதே வேளையில் சைட்டோபிளாசத்திலிருந்து அது பிரிக்கப்பட்டிருப்பதும் புலனாயின. ‘உள்ளே’, ‘வெளியே’ என்னும் இரு சொற்களுமே போதாமல் ‘செல்லுக்குள், ஆனால் சைட்டோபிளாசத்துக்கு வெளியே’ என்னும் நீண்ட தொடர் வழக்கில் வந்தது. அழகற்ற தொடர்தான். ஆயினும் கண்டதை விட்டு ஓர் அடியும் விலகாத தொடர்.

தமிழில் எழுதும்போது

இத்துறையைத் தமிழில் எழுதுவோர் இருவகை வழக்குகளுக்கு இடையே நிற்கின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘செல்’, ‘உட்கரு’. இலங்கைப் பாடநூல்களில் ‘கலம்’, ‘கரு’. இவற்றுள் எதைக் கொள்வது என்பதில் செலவிடப்படும் ஆற்றல், ஒரு சொல் கண்டதைக் குறிக்கிறதா, கருதியதைக் குறிக்கிறதா என்னும் வினாவில் செலவிடப்படுவதில்லை. சாயமேறிய உருண்டையை ‘உட்கரு’ என்றாலும் ‘கரு’ என்றாலும் 1914ஆம் ஆண்டின் பிழை ஒன்றே.

பெயர்களைப் பொருள்பெயர்த்துத் தமிழாக்கும் முறையில் மற்றொரு இடர் உண்டு. காரியோலைசஸ் என்பதை ‘உட்கருச் சிதைப்பான்’ எனப் பெயர்த்தால் தீங்கில்லை; அது ஓம்புயிரியின் சிவப்பணு உட்கருவைச் சிதைப்பது காணப்பட்ட செய்தி. ஹீமோகிரெகரைனாவைப் பொருள்பெயர்த்தால், மூலமொழியில் வேர் மறந்து வெறும் அடையாளமாகிவிட்ட ஒரு பெயர், தமிழில் தெளிவான ஒரு கூற்றாக மீண்டும் உயிர்பெறும். கைவிடப்பட்ட உறவு புதிதாக நிலைநாட்டப்படும். ஹெபட்டோசூனை ‘கல்லீரல் உயிரி’ என்றால், எலியின் கல்லீரலைக் கொண்டு 1908இல் அமைந்த அப்பெயர், நுரையீரல் முதலிய உறுப்புகளிலும் பெருகும் பாம்பின் ஒட்டுண்ணிக்குத் தவறான முகவரியாகும். இத்தகைய இடங்களில் ஒலிபெயர்ப்பைச் சோம்பல் எனப் பழிப்பது பொருந்தாது. அதுவே நேர்மையான வழி.

தமிழ்ச் சொல்வளம் தானே ஒரு வேறுபாட்டைக் குழப்பும் இடமும் உண்டு. உண்ணி ஒட்டியிருந்து இரத்தம் குடிப்பது. அச்சொல்லே விரிந்து ‘ஒட்டுண்ணி’ என்னும் பொதுச்சொல்லாயிற்று. ஹீமோலிவியா மௌரிட்டானிக்காவைப் பற்றி எழுதுகையில் கிரேக்க ஆமையின் மேலிருக்கும் உண்ணியும் ஒட்டுண்ணி, அவ்வுண்ணியின் குடலில் பாலினப் பெருக்கம் கொள்ளும் ஒருசெல் உயிரியும் ஒட்டுண்ணி. ‘ஆமையின் ஒட்டுண்ணி’ என்று மட்டும் எழுதினால் எது பரப்புவது, எது பரவுவது என்பது மறைந்துபோகும். பரப்புவதை ‘உண்ணி’ என்றும், பரவுவதை ‘ஒருசெல் ஒட்டுண்ணி’ என்றும் ஒவ்வோரிடத்திலும் முழுமையாக எழுதுவதால் வாக்கியம் சற்று நீளும். அந்நீளத்தைக் குறைக்கும் பொருட்டுச் சொல்லைச் சுருக்கிய ஆய்வேட்டில், வாழ்க்கைச் சுழற்சியின் பாதி எங்கே நிகழ்கிறது என்பதைப் படிப்பவர் கண்டறிய இயலாது.